ஹாலிவுட்டின் பி படங்களுக்குள் எந்த வழியாக நுழைவது?

1930க்கும் 1950க்கும் இடைப்பட்ட ஹாலிவுட்டின் புகழ்பெற்ற படங்களை ஓரளவு பார்த்து முடித்தவருக்கு, அவற்றோடு துணைப்படங்களாக ஓடிய பி படங்களின் மீது ஆர்வம் திரும்புவது இயல்பு. ஆனால் அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எதில் தொடங்குவது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைப் பட்டியல்கள் இதில் பெரிதாக உதவுவதில்லை. 1950இல் வெளிவந்த 'கன் கிரேஸி' எல்லாப் பட்டியல்களிலும் முதலிடங்களில் நிற்கிறது. அருமையான படந்தான், ஆனால் செலவிலும் விநியோகத்திலும் அது சராசரி பி படத்துக்கு மேலே நின்றது. மோசமான படங்களுக்குப் பேர்போன இயக்குநர் எட் வுட்டின் படங்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் பி பட ரசனை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவை ஸ்டூடியோக் காலம் சரிந்த பிறகு, அந்த அமைப்புக்கு வெளியே எடுக்கப்பட்டவை. எனவே உண்மையான துணைப்படங்களுக்குள் நுழைய இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முதல் சில மாலைகளை எதற்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்கு முன்னால் வியாபாரக் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். பொருளாதாரப் பெருமந்தத்தில் கூட்டம் குறைந்த அமெரிக்கத் திரையரங்குகள், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் என்று சொல்லி மக்களை உள்ளே இழுத்தன. முதன்மைப் படத்துக்குத் திரையரங்கு தன் வசூலில் ஒரு பங்கைக் கொடுத்தது. துணைப்படத்துக்கோ இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பேசி முடித்த வாடகையைக் கொடுத்தது. ஆகவே துணைப்படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தயாரிப்பாளரின் வருமானம் கூடாது, மோசமாக அமைந்தாலும் அதிகம் குறையாது. அறுபது எழுபது நிமிட நீளம், ஓரிரு வாரப் படப்பிடிப்பு, வேறு படத்துக்குப் போட்ட அரங்கிலேயே காட்சிகளை முடித்துக்கொள்வது ஆகிய எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. செலவு வரம்புக்குள் நிற்கும்வரை மேலிடத்தில் யாரும் எட்டிப்பார்க்காத சுதந்திரமும் இதே கணக்கின் விளைவுதான். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாராமவுண்ட் வழக்கில் படங்களைக் கட்டாகச் சேர்த்து விற்கும் முறையைத் தடுத்ததும், தொடர்ந்து தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்ததும் இந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தன.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் இரு தரப்பினர். ஆர்கேஓ, கொலம்பியா, ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு பி பிரிவை வைத்திருந்தன. மானோகிராம், பிஆர்சி போன்ற சிறு நிறுவனங்களோ 'பாவர்ட்டி ரோ' என்ற பொதுப் பெயரில் அழைக்கப்பட்டன. பணம் இரு தரப்புக்கும் குறைவுதான். ஆனால் முதல் தரப்பினருக்கு நிரந்தர அரங்குகளும், சம்பளத்துக்கு இருந்த தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும், தையல் பிரிவும், இசைப் பிரிவும் கூடவே கிடைத்தன. இரண்டாம் தரப்பினருக்கு அவை எதுவும் இல்லை. பி படம் பார்க்கத் தொடங்குபவர் நடிகரின் பெயரைவிட, கதை வகையைவிட, இந்த வேறுபாட்டையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பலரும் பரிந்துரைக்கும் வழி வால் லூட்டன். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதைப் பிரிவில் பணிபுரிந்த அவர், 1942இல் ஆர்கேஓவின் திகில் படப் பிரிவுக்குத் தயாரிப்பாளராக வந்தார். நிறுவனம் அவருக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது: ஒவ்வொரு படமும் 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும், 75 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, படத்தின் தலைப்பை நிறுவனமே கொடுக்கும். முதலில் கிடைத்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. மலிவான மிருக வேடப் படத்தை எதிர்பார்த்துக் கொடுத்த அந்தத் தலைப்பைக் கொண்டு லூட்டனும் இயக்குநர் ழாக் டூர்னரும் மிருகத்தையே ஏறத்தாழக் காட்டாத ஒரு படத்தை எடுத்தார்கள். இரவில் நியூயார்க் பூங்காச் சாலையோரம் ஒருத்தி நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலணிச் சத்தம் கேட்கிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் நடையை எட்டிப்போடுகிறாள், பிறகு ஓடுகிறாள். ஏதோ பாயப்போகிறது என்று நாம் மூச்சை அடக்கிக்கொள்ளும் நொடியில் ஒரு பேருந்து சீறிக்கொண்டு வந்து நிற்கிறது. இன்றைய திகில் படங்கள் நம்மை வெறுமனே திடுக்கிட வைக்கப் பயன்படுத்தும் உத்தி அங்கிருந்துதான் பரவியது. கதாநாயகியின் குடியிருப்பில் வரும் மாடிப்படி, ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்காக அதே வளாகத்தில் போடப்பட்டது. பெரிய ஸ்டூடியோவின் பி பிரிவில் இருப்பதன் ஆதாயம் இதுதான்.

1943இல் வந்த 'தி லெப்பர்ட் மேன்' படத்தில் இதைவிடக் கொடிய ஒரு காட்சி உண்டு. தப்பியோடிய சிறுத்தை ஊருக்குள் திரியும் இரவில், மாவு வாங்கிவரச் சொல்லி ஒரு தாய் தன் மகளை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். திரும்பி வந்த பெண் கதவைத் தட்டிக் கதறுகிறாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தாய் மெத்தனமாக இருக்கிறாள். அவள் பதறி எழுந்து தாழை நீக்க முயலும்போது காலம் கடந்துவிடுகிறது. கதவுக்கு அடியில் ரத்தம் கசிந்து வருவது மட்டுமே நமக்குத் தெரிகிறது. வெளியே நடப்பதை எடுத்துக்காட்டப் பணம் இருந்திருந்தாலும் லூட்டன் காட்டியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவு இருந்தும், லூட்டனை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய திகில் படங்கள் ஒன்பதும் பி பட உலகின் விதிவிலக்குகள். திரைக்கதையின் இறுதி வடிவத்தைத் தன் கையால் திருத்திய ஒரு தயாரிப்பாளரின் படங்கள். அவற்றில் தொடங்குபவர், எல்லாத் துணைப்படங்களும் அந்த உயரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்து அடுத்த படத்தைப் போடுவார். பத்து நிமிடங்களில் ஏமாந்து நிறுத்திவிடுவார். லூட்டன் இரண்டாவது மாதத்துக்கு உரியவர்.

நேர் எதிர்த் திசையில் இருப்பது பிஆர்சி நிறுவனத்தின் வழி. அதாவது எட்கர் ஜி. உல்மர் இயக்கி 1945இல் வெளிவந்த 'டீடூர்'. அதை ஆறு நாளில் எடுத்ததாக உல்மரே பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். ஆவணங்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் அதைவிடக் கூடுதலான நாட்கள் ஆகியிருக்கும் என்கிறார்கள். எது சரியாயினும், படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஏழ்மை உண்மையானது. ஒரு கார், அதன் பின்னே திரையில் ஓடும் சாலை, ஓரிரு விடுதி அறைகள், ஒரு சாலையோர உணவகம், ஓர் இரவு விடுதி ஆகியவற்றோடு முழுக் கதையும் முடிந்துவிடுகிறது. காதலர்கள் நியூயார்க் தெருவில் நடக்கும் காட்சியில் புகைமூட்டம் திரையை நிறைத்திருக்கிறது. ஏனென்றால் காட்டுவதற்கு அங்கே தெருவே இல்லை.

நாயகன் மேற்கு நோக்கி லிஃப்ட் கேட்டுப் போகும் பகுதியைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று பிடிபடும். சில ஷாட்டுகளில் அமெரிக்கக் கார்கள் நம்மூர்க் கார்களைப் போலச் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன, ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். மேற்கு நோக்கிய பயணம் திரையில் வலமிருந்து இடமாகத்தான் நகர வேண்டும் என்பதற்காக நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். மீண்டும் எடுக்க நாளும் இல்லை, பணமும் இல்லை. இருந்தாலும் நடிகை ஆன் சாவேஜ் காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு இவை எதுவும் நினைவில் நிற்பதில்லை. சிறிது நேரம் கண்ணயர்ந்திருந்தவள் சட்டென்று விழித்து, திரும்பிப் பார்த்து, நாயகனைக் கேள்விகளால் குடையத் தொடங்கும் அந்த இடத்துக்கு ஈடான ஒன்றை அந்த ஆண்டின் பெரிய படங்களிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992இல் இந்தப் படம் சேர்க்கப்பட்டது.

'டீடூர்' வழியில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, பிஆர்சியின் மற்ற படங்களுக்கு அது உங்களைத் தயார்ப்படுத்தாது. அந்த நிறுவனத்தின் சராசரிப் படம் சலிப்பூட்டுவது, உல்மரும் அங்கே விதிவிலக்கே. அவரே 1944இல் எடுத்த 'புளூபியர்டு' தவிர, அடுத்து இதைப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்ல அங்கே அதிகம் இல்லை. இரண்டாவது தடை பிரதி பற்றியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கே கிடைத்தது. அதன்பின் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சிறு நிறுவனங்களின் படங்கள் பலவற்றை அப்படிப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனதால் அவை பொதுவுடைமையாயின. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் யூடியூபிலும் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை, தேய்ந்த 16 மில்லிமீட்டர் பிரிண்டுகளிலிருந்து பிடிக்கப்பட்டவை. கறுப்பு எல்லாம் சாம்பலாகவும், முகங்கள் எல்லாம் வெளுத்தும் தெரியும். இருளையே முதலீடாகப் போட்டு எடுத்த படத்தில் இருள் போய்விட்டால் எஞ்சுவது ஏழ்மை மட்டுந்தான். 2018இல் அகாடமி திரைப்படக் காப்பகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் இந்தப் படத்தை மீட்டெடுத்தன. பெல்ஜியக் காப்பகத்திலிருந்த ஒரு பிரிண்ட் அதற்குப் பெரிதும் உதவியது. அந்தப் பிரிண்டின் மேல் எரித்துப் பதித்திருந்த பிரெஞ்சு, ஃபிளெமிஷ் வசன வரிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக அழித்தார்கள். அந்தப் பதிப்பையும் இலவசப் பிரதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே படமா என்ற ஐயம் வந்துவிடும். மீட்டெடுத்த பதிப்பு கைக்கு வரும்வரை 'டீடூர்' காத்திருக்கட்டும்.

மூன்றாவது வழி துப்பறியும் தொடர்கள். ஒரே பாத்திரத்தை வைத்து ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் எடுத்துத் திரையரங்குகளுக்கு வழங்கும் முறை அன்றைக்குப் பெரிய வியாபாரம். சார்லி சான் தொடர் இதில் மிகவும் அறியப்பட்டது. ஃபாக்ஸ் நிறுவனத்தில் வார்னர் ஓலண்ட் நடித்த படங்களையும், 1944 முதல் மானோகிராமில் சிட்னி டோலர் நடித்தவற்றையும் ஒப்பிட்டால், ஒரே தொடர் பெரிய வளாகத்திலிருந்து பாவர்ட்டி ரோவுக்குக் குடிபெயரும்போது என்னவாகிறது என்பது விளங்கும்: அரங்குகள் சுருங்குகின்றன, துணைப் பாத்திரங்கள் குறைகின்றன, ஒரே அறையில் நின்று பேசும் காட்சிகள் நீள்கின்றன. ஆனால் சீனத் துப்பறிவாளராக ஒரு சுவீடன்காரரும் பிறகு ஓர் அமெரிக்க வெள்ளையரும் ஒப்பனையோடு வருவதை இன்று நெருடல் இல்லாமல் பார்க்க முடியாது. மகன்களாக வரும் கீ லூக், விக்டர் சென் யங் போன்றவர்கள்தான் உண்மையான சீன வம்சாவளியினர். திரையில் உயிரோட்டத்தோடு இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் பார்க்கலாம், தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

தொடர்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை கொலம்பியாவின் 'தி விஸ்லர்'. வானொலித் தொடரிலிருந்து வந்த இது, 1944க்கும் 1948க்கும் இடையில் எட்டுப் படங்களாக வெளிவந்தது. விசிலடித்துக்கொண்டு போகும் ஒரு நிழலைத் தவிர நிலையான பாத்திரம் எதுவும் இதில் கிடையாது. ஏழு படங்களில் ரிச்சர்ட் டிக்ஸ் நடித்தார்; ஒன்றில் ஏமாறுபவர், இன்னொன்றில் ஏமாற்றுபவர், வேறொன்றில் தன்னைக் கொல்லத் தானே ஆள் வைத்துவிட்டுப் பின்னர் மனம் மாறித் தவிப்பவர். டிக்ஸ் ஒரு காலத்தில் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாயகன். தளர்ந்த உடலும் களைத்த முகமுமாக இந்தத் தொடரில் அவர் வரும்போது, இறங்குமுகத்திலிருக்கும் நடிகரின் நிலையே பாத்திரத்தின் நிலையாகிவிடுகிறது. முதல் படம் உள்ளிட்ட சிலவற்றை வில்லியம் காஸில் இயக்கினார்.

வாராந்திரத் தொடர்படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிபப்ளிக் நிறுவனத்தின் 'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்' (1941) பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்டது. அதில் நாயகன் பறக்கும் காட்சிகளுக்காக லிடெக்கர் சகோதரர்கள் ஆளளவு பொம்மையைக் கம்பியில் வழுக்கிவிட்டு எடுத்தவை இன்றும் வியக்க வைக்கின்றன. ஆனால் இவற்றை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் பார்த்தால், ஓர் அத்தியாயத்தின் முடிவில் விபத்தில் சிக்கியவன் அடுத்த அத்தியாயத்தில் அதற்கு முன்பே குதித்துத் தப்பியிருப்பதாக மாற்றிக் காட்டும் பித்தலாட்டம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இவற்றை எல்லாம் எடைபோட்ட பிறகு, முதல் மாலைக்கு நான் தேர்ந்தெடுப்பது ஜோசப் எச். லூயிஸ் கொலம்பியாவுக்காக இயக்கிய 'மை நேம் இஸ் ஜூலியா ராஸ்' (1945). நீளம் 65 நிமிடங்கள். லண்டனில் வேலை தேடும் ஓர் இளம்பெண்ணுக்கு, ஒரு பணக்கார மூதாட்டியின் வீட்டில் தங்கிச் செயலாளராகப் பணிபுரியும் வாய்ப்பு கிடைக்கிறது. முதல் இரவு உறங்கியவள், கார்ன்வால் கடற்கரையில் ஒரு பெரிய வீட்டில் கண்விழிக்கிறாள். அவளைச் சுற்றியுள்ள பொருட்களில் எல்லாம் வேறொருத்தியின் பெயரெழுத்துகள். நீதான் இந்த வீட்டு மருமகள், உனக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது என்று எல்லோரும் பரிவோடு சொல்கிறார்கள். மே விட்டி அந்த மூதாட்டியாகவும், கத்தியைக் கண்டால் கண்ணில் ஓர் ஒளி வரும் மகனாக ஜார்ஜ் மக்ரெடியும், ஜூலியாவாக நினா ஃபோஷும் நடித்திருக்கிறார்கள்.

இதை முன்னிறுத்துவதற்குக் காரணம், பி பட அமைப்பு ஒழுங்காக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுவே நல்ல சான்று என்பதுதான். லூயிஸ் அதற்கு முன்பு மலிவான கௌபாய் படங்களை இயக்கியவர். சலிப்பான காட்சிகளில் வண்டிச் சக்கரத்தை முன்னால் நிறுத்தி அதன் ஆரங்களுக்கு இடையே படம் பிடிக்கும் பழக்கத்தால், 'வேகன்வீல் ஜோ' என்று கிண்டலாக அழைக்கப்பட்டவர். அந்தக் கண் இங்கே நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. படம் தொடங்கும்போது மழையில் நனைந்தபடி விடுதிக்குத் திரும்பும் பெண்ணின் முதுகை மட்டுமே காண்கிறோம். முகம் உடனே காட்டப்படுவதில்லை. தன் பெயரையே இழக்கப்போகும் ஒருத்தியை இதைவிடச் சிக்கனமாக அறிமுகப்படுத்த முடியாது. பின்னர் கம்பி போட்ட சன்னலுக்குப் பின்னால் அவள் நிற்கும் ஷாட்டில், வண்டிச் சக்கரத்தின் இடத்தைச் சன்னல் கம்பி எடுத்துக்கொள்கிறது. ஒளிப்பதிவாளர் பர்னெட் கஃபி, பிற்காலத்தில் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றவர். மாதச் சம்பளத்துக்கு ஸ்டூடியோவில் இருந்ததால் இந்தச் சிறிய படத்துக்குக் கிடைத்தார். பிஆர்சியால் இப்படி ஒருவரை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஹாலிவுட் அரங்குகளில் உருவான அந்த இங்கிலாந்து அவ்வளவாக ஒட்டவில்லை. முடிவு அவசர அவசரமாக வந்துவிடுகிறது. ஆனால் அறுபத்தைந்து நிமிடத்தில் எதைக் கழித்தார்கள் என்பதைக் கவனிப்பதுதான் பி படம் பார்ப்பதில் கிடைக்கும் தனி இன்பம். இன்றைய படத்தில் இருபது நிமிடம் எடுக்கும் பின்கதை இங்கே விடுதிக் கூடத்தில் நடக்கும் ஒரு சின்ன உரையாடலில் முடிகிறது. அந்த வேகத்துக்குக் கண் பழகிவிட்டால், 'தி விஸ்லர்' போன்ற படங்களின் எளிமை வறுமையாகத் தோன்றாது. லூட்டனின் படங்கள் எவ்வளவு மேலே நிற்கின்றன என்பதும் அப்போதுதான் புரியும்.

பெண் மனத்தைச் சூழும் அச்சக் கதைகளில் ஈடுபாடு இல்லாதவர், விறுவிறுப்பு மட்டும் வேண்டும் என்பவர், முதல் மாலைக்கு ஆர்கேஓவின் 'தி நேரோ மார்ஜின்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் ஃபிளைஷர் பதின்மூன்றே நாட்களில் படப்பிடிப்பை முடித்த படம் இது. ஆர்கேஓவின் அன்றைய முதலாளி ஹாவர்ட் ஹியூஸ் அதைக் கிடப்பில் போட்டதால் 1952இல்தான் வெளிவந்தது. சாட்சி சொல்லப் போகும் ஒரு பெண்ணைக் காவலர் ஒருவர் ரயிலில் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. பின்னணி இசை கிடையாது. ரயில் சத்தமே இசை. மேரி வின்ட்சர் எரிச்சலோடு நகத்தை அராவும் ஷாட்டிலிருந்து, அதே தாளத்தில் சுழலும் ரயில் சக்கரத் தண்டுகளுக்குப் படம் வெட்டித் தாவும் இடம் படத்தொகுப்பு கற்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது. நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: அதே மேரி வின்ட்சர் அதே ஆண்டில் வெளிவந்த 'தி ஜங்கிள்' படத்திலும் நடித்தார். லிப்பர்ட் என்ற அமெரிக்க பி பட நிறுவனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து தயாரித்து, வில்லியம் பெர்க் இயக்கி, தமிழில் 'காடு' என்று வெளிவந்த படம் அது. தரத்தில் 'நேரோ மார்ஜின்' பக்கத்தில் அதை வைக்க முடியாது. ஆனால் ஹாலிவுட்டின் துணைப்பட வியாபாரம் சேலம் வரை வந்து போனதற்கு அது சாட்சி.

பார்க்கும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. இலவசப் பிரதிகளில் பெரும்பாலும் வசன வரிகள் இருக்காது. இந்தப் படங்களில் பேச்சு படுவேகம். 1940களின் அமெரிக்கத் தெருமொழி வேறு. தேய்ந்த ஒலியில் பாதி வசனம் காதில் விழாது. எனவே தெருமொழி அதிகம் இல்லாமல் நிறுத்தி நிதானமாகப் பேசும் 'ஜூலியா ராஸ்' இந்த வகையிலும் முதல் மாலைக்கு வசதியானது. கொலம்பியா, ஆர்கேஓ படங்களுக்கு உரிமையாளர்கள் இருப்பதால், நல்ல பிரதிகள் வட்டுகளாக வந்திருக்கின்றன. புளூரே வாங்குபவர் மண்டலக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும்: அமெரிக்க வட்டுகளில் பல 'ஏ' மண்டலத்துக்கு மட்டும் பூட்டப்பட்டவை. சிங்கப்பூரும் மலேசியாவும் அதே மண்டலத்தில் இருப்பதால் அங்குள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 'சி' மண்டலம் என்பதால் இங்கே வாங்கிய கருவியில் அவை ஓடாமல் போகலாம். எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி இல்லாதவர், வட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் அதன் பின்னட்டையைப் படிக்க வேண்டும்.

ஆக, வரிசை இப்படி அமையலாம்: முதலில் 'ஜூலியா ராஸ்', அது பிடித்திருந்தால் லூயிஸே அடுத்த ஆண்டு எடுத்த 'சோ டார்க் தி நைட்', தொடர்ந்து 'விஸ்லர்' தொடரின் முதல் படம், அதன்பின் லூட்டன். மீட்டெடுத்த 'டீடூர்' எப்போது கைக்கு வருகிறதோ அப்போது மற்றவற்றை ஒத்திவைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து அதைப் பார்த்துவிடலாம்.